கல்லீரல் மீள்வளர்ச்சியில் செல்புற வலையின் பங்கு

1998 நவம்பரில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதி தில்லி அப்பல்லோ மருத்துவமனையில் பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவை அதுவே. கொடையாளரின் கல்லீரலில் எஞ்சும் பகுதி பருத்து இழப்பை ஈடுசெய்துகொள்கிறது. பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கோ அது இயலவில்லை. கல்லீரல் செல்களை மட்டும் ஆராய்ந்தால் இவ்வேறுபாடு விளங்காது. அவற்றைச் சூழ்ந்துள்ள செல்புற வலையையும் நோக்க வேண்டும்.

கொலாஜன், ஃபைப்ரோநெக்டின், லாமினின் முதலிய புரதங்களும் ஹெப்பாரன் சல்பேட் சேர்மங்களும் பின்னிய அமைப்பே இவ்வலை. நலமான கல்லீரலில் இதன் அளவு சொற்பமே. எனினும் இது வெறும் சாரம் அன்று.

எலிக் கல்லீரலின் மூன்றில் இரு பங்கை அகற்றி ஆராயும் முறையை ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் ஆகியோர் 1931இல் விவரித்தனர். அகற்றிய சில நிமிடங்களிலேயே யூரோகைனேஸ் நொதியின் செயல்பாடு உயர்கிறது. அது பிளாஸ்மினை உருவாக்க, பிளாஸ்மின் வலையைச் செரிக்கும் நொதிகளைத் தூண்டுகிறது. வலை தளர்ந்ததும் அதில் பிணைந்து கிடந்த கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி விடுபட்டு, செல்களின் மெட் ஏற்பியைச் சேர்கிறது. வளர்ச்சிக்கான முதல் கையிருப்பு அவ்வலையிலேயே இருந்தது என்பது கருதத்தக்கது. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் டிஎன்ஏ பெருக்கம் உச்சமடைகிறது.

வளர்ச்சியை நிறுத்துவது அதனினும் நுட்பமானது. பெருகிய செல்கள் முதலில் குருதி நுண்குழலற்ற சிறு கொத்துகளாக நிற்கின்றன. பின்னர் விண்மீன் செல்கள் புதிய வலையை இடுகின்றன. நுண்குழல்கள் கொத்துகளுள் ஊடுருவுகின்றன. இன்டெக்ரின் ஏற்பிகள் வழியே வலையின் செய்தி கல்லீரல் செல்களை எட்டுகிறது. அச்செய்தியைக் கடத்தும் ஐஎல்கே புரதம் கல்லீரலில் நீக்கப்பட்ட சுண்டெலிகளில், மீள்வளர்ச்சி உரிய அளவில் நிற்காமல் உறுப்பு பழைய அளவையும் விஞ்சிப் பருத்ததை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. வலையே இங்குக் கடிவாளம்.

பித்தம் தேங்கும் கல்லீரலில் இச்சமநிலை குலைகிறது. விண்மீன் செல்கள் ஓயாது நார்க் கொலாஜனைச் சுரக்கின்றன. வலையைச் செரிக்கும் நொதிகளை அவற்றின் தடுப்பான்கள் முடக்குகின்றன. நுண்குழல் சுவரின் துளைகள் மறைவதால் குருதிக்கும் செல்களுக்கும் இடையிலான பரிமாற்றம் தடைப்படுகிறது. செல்கள் பெருகினாலும் தழும்பு சூழ்ந்த முடிச்சுகளாகவே எஞ்சுகின்றன. பித்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் கசாய் அறுவையைப் பிறந்த 60 நாட்களுக்குள் செய்ய மருத்துவர்கள் விரைவது இத்தழும்பு முற்றுமுன் முந்திக்கொள்ளவே. பிறந்து இரு வாரங்களுக்குப் பின்னும் மஞ்சள் காமாலை நீடித்து, மலமும் வெளிறியிருப்பின் காலந்தாழ்த்தாது பரிசோதிக்க வேண்டும்.