இரண்டு டாலர் நோட்டும் ஒரு குவளைக் கோப்பியும்



சம்பளப் பணம் கைக்கு வந்ததும் என்ன செய்கிறோம்? அரிசிக்கு இவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு இவ்வளவு, மோட்டார் சைக்கிள் தவணைக்கு இவ்வளவு என்று பிரித்து வைக்கிறோம். மிச்சம் இருந்தால் குடும்பத்தோடு பட்டணத்துக்குப் போய்ப் பசியாறிவிட்டு வருகிறோம். அந்தப் பணத்துக்குப் பொருள் வாங்கும் சக்தி மட்டுமே உண்டு என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அதற்கு இன்னொரு சக்தியும் இருக்கிறது. பலர் பேசி வைத்துக்கொண்டு ஒரே கடையில் வாங்கினாலும், ஒரே கடையை விட்டு விலகினாலும், பெரிய கம்பெனிகளே திரும்பிப் பார்க்கும்.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போர் இந்தச் சக்தியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று இன்று சொல்லப் போகிறேன். "துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் வாத்தியாரே?" என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது பெருங்குற்றம். அதனால் இந்தச் செய்தி நமக்குத் தூரமாகத் தெரியலாம். ஆனால் இதில் ஒரு கடைக்காரர் இருக்கிறார், கடையில் வேலை செய்பவர் இருக்கிறார், காசு கொடுத்து வாங்குபவரும் இருக்கிறார். இந்த மூவரையும் நமக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் தோட்டத்துக் கடை

முதலில் என் சிறு வயதுச் சம்பவம் ஒன்று. அப்பா அப்போது பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை. மாதம் முழுவதும் பற்றெழுதி வாங்குவோம். சம்பளம் வந்ததும் கட்டுவோம். ஒருநாள் அடுத்த வீட்டு அத்தை, கடையில் வாங்கிய சீனியைப் பட்டணத்தில் நிறுத்துப் பார்த்தார். எடை குறைந்தது. செய்தி லயம் முழுவதும் பரவியது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. பழைய பற்றைக் கட்டி முடித்துவிட்டு, ஒரு மாதம் யாருமே அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. சைக்கிளில் பட்டணம் போய் வாங்கி வந்தோம். மாதக் கடைசியில் கடைக்காரர் புதுத் தராசு வாங்கி வைத்தார்.

நாங்கள் வென்றுவிட்டதாகத்தான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் வியாபாரம் இல்லாத அந்த மாதத்தில் கடையில் சாமான் நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்த பையனுக்கு வேலை போயிற்று. அவன் வெளியூர்க்காரன் அல்ல. எங்கள் லயத்துப் பிள்ளைதான். தராசில் கை வைத்தவனும் அவன் அல்ல. புதுத் தராசு வந்த பிறகும் அவனைக் கடைக்காரர் திரும்பக் கூப்பிடவில்லை. அவன் அம்மா எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

காப்டன் பாய்காட்

வாங்காமல் விலகி நிற்பதற்கு ஆங்கிலத்தில் 'பாய்காட்' என்று பெயர். அது ஒரு மனிதரின் பெயர் என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். 1880இல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலங்களைக் காப்டன் சார்லஸ் பாய்காட் என்பவர் மேற்பார்த்து வந்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் ஒரு துரை. வாடகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களை அவர் வெளியேற்ற முயன்றார். உடனே ஊரே அவரை ஒதுக்கி வைத்தது. வேலைக்காரர்கள் நின்றுகொண்டார்கள், கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை. அறுவடைக்கு ஐம்பது பேரை வெளியூரிலிருந்து கொண்டுவந்து, அவர்களுக்குக் காவலாக நூற்றுக்கணக்கான சிப்பாய்களை நிறுத்தினார்கள். விளைச்சலின் மதிப்பைவிடக் காவல் செலவு பல மடங்கு ஆயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் பாய்காட் அயர்லாந்தை விட்டுப் போனார். பெயர் மட்டும் அகராதியில் நிலைத்துவிட்டது.

காதலர் தினத்தில் ஒரு போட்டி

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அந்த நாட்டின் அரசியல் சட்டத்தில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றியது. பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி இடுப்பில் மாட்டிக்கொண்டு நடமாடலாம். அப்படியே ஒரு கோப்பிக் கடைக்குள் நுழைந்தால் என்ன ஆகும்?

2010இல் கலிபோர்னியாவில் துப்பாக்கி உரிமைக்காரர்கள் இப்படிச் சில கடைகளில் கூடினார்கள். இரண்டு உணவுக் கம்பெனிகள், "எங்கள் கடைக்குள் துப்பாக்கி வேண்டாம்" என்று சொல்லிவிட்டன. ஸ்டார்பக்ஸ் கம்பெனியோ, "அந்தந்த மாநிலச் சட்டம் எதுவோ அதன்படி நடப்போம்" என்றது. துப்பாக்கியால் பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கும் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டவர்களுக்கும் இந்தப் பதில் போதவில்லை. 2012 பிப்ரவரி 14, காதலர் தினத்திலிருந்து ஸ்டார்பக்ஸைப் புறக்கணியுங்கள் என்று ஓர் அமைப்பு அறைகூவல் விட்டது.

துப்பாக்கி உரிமைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. "நீங்கள் வாங்காத அதே நாளில் நாங்கள் வாங்குகிறோம்" என்று கிளம்பினார்கள். அதற்கு அவர்கள் கையாண்ட உபாயத்தைக் கவனியுங்கள். எல்லாரும் இரண்டு டாலர் நோட்டில் பணம் கட்ட வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது திருத்தத்துக்கு இரண்டு டாலர்!

இரண்டு டாலர் நோட்டு செல்லுபடியாகும் பணம்தான். ஆனால் புழக்கத்தில் அபூர்வம். சாதாரண நோட்டுகளில் காசு கட்டினால் யார் எதற்காக வாங்கினார்கள் என்று கடைக்குத் தெரியாது. மாலையில் கல்லாப்பெட்டியைத் திறந்ததும் இரண்டு டாலர் நோட்டுகள் கட்டாகக் கிடந்தால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இதே வழியை 1977இல் ஓர் அமெரிக்கக் காற்பந்துக் குழுவின் ரசிகர்களும் கையாண்டிருக்கிறார்கள். தங்களோடு இனி விளையாட மாட்டோம் என்று சொன்ன அட்லாண்டா நகரத்துக் கல்லூரிக்கு, தங்களால் அந்த ஊருக்கு எவ்வளவு வருமானம் என்று காட்டுவதற்காக, கிளெம்சன் பல்கலைக்கழக ரசிகர்கள் புலிப்பாத முத்திரை குத்திய இரண்டு டாலர் நோட்டுகளை அங்கே செலவழித்தார்கள்.

கம்பெனி சொன்ன பதில்

கூட்டம் கூடிக் கோப்பி குடித்ததால் கம்பெனி அவர்கள் பக்கம் வந்துவிட்டதா? அதையும் கேளுங்கள்.

2012 டிசம்பர் 14 அன்று கனெடிகட் மாநிலத்தின் நியூடவுன் ஊரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். 20 குழந்தைகளையும் பள்ளியில் பணிபுரிந்த 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். அந்தக் குழந்தைகளின் வயது ஆறு, ஏழு. நம் பள்ளியில் முதலாம் ஆண்டில் 'அ, ஆ' எழுதிக்கொண்டிருக்கும் வயது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு என் வகுப்பறைக் கதவை நான் பழைய மாதிரி பார்க்கவில்லை.

மறு ஆண்டு, 2013 ஆகஸ்ட் 9 அன்று, துப்பாக்கி உரிமைக்காரர்கள் மறுபடியும் 'ஸ்டார்பக்ஸ் பாராட்டு நாள்' கொண்டாடினார்கள். அவர்களில் சிலர் நியூடவுன் கடைக்கே வரத் திட்டமிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களின் மனத்தை மதித்து, கடையை அன்று நேரத்தோடு மூடிவிட்டது கம்பெனி. அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனித் தலைவர் ஹோவர்ட் ஷூல்ட்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார். துப்பாக்கியோடு எங்கள் கடைகளுக்கு வர வேண்டாம் என்று அதில் கேட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட பாராட்டு நாட்கள் வேண்டாம் என்றும், இந்த விவகாரத்தில் தங்கள் கம்பெனி யாருக்கும் கொடி பிடிக்கவில்லை என்றும் எழுதினார். இது தடை அல்ல, வேண்டுகோள்தான் என்றார். தடை போட்டால் துப்பாக்கி வைத்திருப்பவரை எதிர்த்து நின்று சொல்ல வேண்டியவர் கோப்பி ஊற்றும் ஊழியர். அந்த நிலைமை அவருக்கு வரக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

ஆக, பாராட்டப் போனவர்களின் கூட்டமே கம்பெனிக்குத் தொல்லையாகி, வராதீர்கள் என்று சொல்ல வைத்தது.

துப்பாக்கிக் கம்பெனியே வீழ்ந்த கதை

இதற்கு முன்பு நடந்த இன்னொன்றில் அவர்கள் வென்றார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1852இல் தொடங்கிய பழம்பெரும் துப்பாக்கிக் கம்பெனி. 2000 மார்ச்சில் அது அதிபர் கிளின்டன் அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. துப்பாக்கிகளுக்குப் பூட்டு வைப்பதாகவும், விற்பனையில் கூடுதல் கட்டுப்பாடுகளை ஏற்பதாகவும் ஒப்புக்கொண்டது. குழந்தைகள் கையில் துப்பாக்கி வெடிக்காமல் இருக்கப் பூட்டு நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். துப்பாக்கி உரிமைக்காரர்களுக்கோ அது துரோகமாகப் பட்டது. இன்று பூட்டு, நாளை பறிமுதல் என்று அஞ்சினார்கள். வாங்குவதை நிறுத்தினார்கள்.

விற்பனை சரிந்தது. தொழிற்சாலையில் சில வாரங்கள் உற்பத்தி நின்றது. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். 1987இல் 112.5 மில்லியன் டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியை வாங்கியிருந்த பிரிட்டிஷ் முதலாளிகள், 2001 மே மாதம் வெறும் 15 மில்லியன் டாலருக்கும் கடன் பொறுப்புக்கும் விற்றுவிட்டுப் போனார்கள். ஒப்பந்தமும் ஏட்டளவில் நின்றுபோயிற்று.

ஒரே மக்கள், ஒரே ஆயுதம். ஓரிடத்தில் பலித்தது, மற்றோரிடத்தில் பலிக்கவில்லை. ஏன்? துப்பாக்கி வாங்குகிறவர் துப்பாக்கிப் பிரியர்தான். அவர்கள் விலகினால் அந்தக் கம்பெனிக்கு வேறு ஆள் இல்லை. கோப்பி குடிப்பவர்களோ எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள். ஒரு சாராரின் இரண்டு டாலருக்காக மற்றவர்களை இழக்க அந்தக் கம்பெனிக்கு மனம் வராது.

2018இல் டிக்ஸ் என்னும் விளையாட்டுச் சாமான் கம்பெனி, புளோரிடாவில் ஒரு பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு, போர்க்களத் துப்பாக்கி போன்ற ரகங்களை இனி விற்பதில்லை என்றது. துப்பாக்கிப் பிரியர்கள் விலகினார்கள். அந்த முடிவால் 250 மில்லியன் டாலர் அளவுக்கு விற்பனை போயிற்று என்று கம்பெனித் தலைவரே பின்னர் சொன்னார். ஆனாலும் அங்கே பந்தும் சப்பாத்தும் வாங்க மற்றவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கம்பெனி நிலைத்து நின்றது.

நமக்கும் உண்டு

வாசகர்களே, இந்த விவகாரம் நம்மைத் தொடாமல் போகவில்லை. காஸா போரை ஒட்டி 2023 இறுதியிலிருந்து நம் நாட்டிலும் பலர் சில வெளிநாட்டுப் பெயர் கொண்ட கடைகளைப் புறக்கணித்தார்கள். இங்குள்ள ஸ்டார்பக்ஸ் கடைகளின் வியாபாரமும் வெகுவாகக் குறைந்தது. அப்படிப்பட்ட கடைகளில் கோப்பி ஊற்றுவதும் மேசை துடைப்பதும் யார்? ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுப் பட்டணம் போன நம் பிள்ளைகளும்தான். ஐரோப்பியக் கடைகளில் 'பாமாயில் இல்லை' என்று அச்சிட்ட பொட்டலங்கள் விற்கின்றன. அதை எடுப்பவர் காட்டைக் காப்பாற்றுவதாக எண்ணுகிறார். செம்பனைக் குலை வெட்டும் உங்கள் கை அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அதற்காக, வாங்காமல் விலகுவதே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எடை குறைத்த தராசை மாற்ற எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஏழைக்கு இருக்கும் சில ஆயுதங்களில் இதுவும் ஒன்று. ஆனால் கைத்தொலைபேசியில் 'இதை வாங்காதே', 'அங்கே வாங்கு' என்று செய்தி வந்ததும் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோமே, அதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நாம் கேட்பது என்ன என்று அந்தக் கடைக்குத் தெளிவாகத் தெரியுமா? அதைச் செய்ய அந்தக் கடையால் முடியுமா? முதலாளிக்கு முன்பே அடி விழப்போவது யாருக்கு?

மூன்றாவது கேள்வியை எங்கள் தோட்டத்தில் அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், புதுத் தராசு வந்த அன்றே நாலு பெரியவர்கள் கடைக்காரரிடம் போய், "பையனையும் திரும்ப வேலைக்கு எடுங்கள், நாங்கள் வாங்குகிறோம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன். அன்று அவருக்கு எங்கள் காசு அவ்வளவு தேவையாக இருந்தது.