டாட் ஆர்யூவை அழிக்க முடியுமா?

2022 பிப்ரவரி 28. ரஷ்யப் படைகள் புகுந்து நான்கே நாளில், உக்ரைன் அரசு கலிஃபோர்னியாவுக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பியது: டாட் ஆர்யூ என்று முடியும் ரஷ்ய முகவரிகளை இணையத்திலிருந்தே நீக்குங்கள்.

அதைப் பெற்றது அங்குள்ள ஐகேன். உலக இணைய முகவரிகளின் பேரேட்டைப் பராமரிக்கும் அமைப்பு, ஐ.நா.வின் கிளை அல்ல. 2016 அக்டோபர் 1-ல் அமெரிக்க வணிகத்துறையுடனான ஒப்பந்தம் முடிந்துவிட்டது; அரசுகள், பொறியாளர்கள், நிறுவனங்கள், பயனாளர்கள் எல்லோரும் கூடிப் பேசித்தான் அங்கே கொள்கை வகுக்கிறார்கள்.

மார்ச் 2-ல் ஐகேன் தலைவர் யோரான் மார்பி மறுத்துவிட்டார். இணையத்தை ஓடவைக்கவே இந்த அமைப்பு, நிறுத்துவதற்கல்ல என்பது அவர் வாதம்.

உக்ரைனின் கோபம் நியாயமானது. ஆனாலும் மறுப்புதான் சரி. ஒருமுறை பெயரை அழித்துவிட்டால், அடுத்த போரில் யாருடைய பெயரை அழிப்பது என்று வல்லரசுகள் வரிசையில் நிற்கும்.