உட்காரும், ஓடாது

திருவண்ணாமலையில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடையது ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர், எச்110 போர்டு. போர்டு போய்விட்டது. "எச்310 இருக்கு சார், இதுவும் 1151 சாக்கெட்தான், தாராளமாப் போடலாம்" என்கிறாராம் கடைக்காரர். வாங்கலாமா?

வேண்டாம். கடைக்காரர் சொன்ன எண் சரிதான். வம்பே அந்த எண்ணில்தான்.

சாக்கெட்டில் தலைமுடியைப் போல நிற்கும் 1151 பின்கள், பிராசஸரின் அடிப்புறத்துப் புள்ளிகளைத் தொடுகின்றன. 2015-ல் ஆறாம் தலைமுறையோடு இந்தச் சாக்கெட் வந்தது. ஏழாம் தலைமுறையும் அதிலேயே ஓடியது. 2017-ல் எட்டாம் தலைமுறை வந்தபோதும் அதே 1151 பின், ஓரத்து வெட்டுகளும் அதே இடத்தில். அதை எச்110 போன்ற பழைய போர்டில் வைத்தால் அம்சமாக உட்காரும்; திரையில் மட்டும் ஒன்றும் வராது. எங்கள் வீட்டுப் பழைய மிக்சி ஜார் புது மிக்சியின் மேல் இப்படித்தான் ஜம்மென்று உட்காரும், பிளேடு சுற்றாது. எச்310 போன்ற புதிய போர்டில் பழைய பிராசஸரை வைத்தாலும் பொதுவாக இதே கதி. விதிவிலக்காக ஓரிரு போர்டுகள் உண்டு. அந்தப் போர்டின் பிராசஸர் பட்டியலில் உங்கள் மாடல் எண் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

ஏன் இப்படி? நான்கு கோர் ஆறு கோரானது, மின்சாரம் கூடுதலாக வேண்டும் என்றது இன்டெல். முன்பு சும்மா கிடந்த பின்களில் சிலவற்றை அதற்கு ஒதுக்கியதும் உண்மை. ஆனால் கம்ப்யூட்டரை நோண்டுவதே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் விடவில்லை. பயாஸைத் திருத்தி, சில புள்ளிகளின் மேல் துளியூண்டு டேப் ஒட்டி, எட்டாம் தலைமுறையைப் பழைய போர்டிலேயே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். போட்டி நிறுவனமான ஏஎம்டியும் 2020-ல், அடுத்து வரும் தன் ரைசன் பிராசஸர்களுக்குப் பழைய ஏஎம்4 சாக்கெட் போர்டுகள் ஆகாது என்றுதான் சொன்னது. வாங்கியவர்கள் கொந்தளித்ததும் இறங்கிவந்தது. 2022-ல் அதன் பழைய 300 வரிசைப் போர்டுகளுக்குக்கூடப் புது பயாஸ் வந்தது. முடியாது என்றார்களே, அதில் பாதி மனசில்லை என்பதுதான். அந்த மனசில்லாமைக்கு நாம் போர்டு போர்டாகக் குப்பை சேர்க்கிறோம். அதிலுள்ள துளித் தங்கத்துக்காக யாரோ ஒருவர் முகமூடிகூட இல்லாமல் அமிலத்தில் கை வைக்கிறார்.

ஆகவே, போர்டு உண்மையிலேயே போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். வேறொரு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பாருங்கள். சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். ராமைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். 'போர்டு அவுட்' என்று தூக்கிப்போட்டதில் எத்தனை இதிலேயே பிழைத்திருக்குமோ!

போயேவிட்டது என்றால் செகண்ட் ஹேண்டில் எச்110, பி150, பி250 தேடுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்தால் மாட்டும். எச்110-லேயே டிடிஆர்3 ராம் போடுவதும் உண்டு, டிடிஆர்4 போடுவதும் உண்டு. இரண்டிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். உங்கள் ராமைக் கையோடு எடுத்துப் போங்கள். விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு பிணைந்தது, ஆக்டிவேஷனை மறுபடி கேட்கலாம். ஆறாம் தலைமுறை விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலிலேயே இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பேஜ்மேக்கருக்கு அது ஒரு பொருட்டில்லை, இன்டர்நெட்டில் பணம் கட்டும் வேலையை மட்டும் அந்த மெஷினில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போர்டை வாங்கும்போது செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துச் சாக்கெட்டைப் பாருங்கள். பின்கள் ஒரே சீராக மின்ன வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒளி உடைந்தால் அங்கே ஏதோ வளைந்திருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் தொடாதீர்கள். மற்றபடி, உங்கள் பிராசஸரையும் ராமையும் அங்கேயே போட்டு, பயாஸ் திரை வந்த பிறகு பணத்தை எடுங்கள்.