கேர்ட்டன் மாணவியரின் தீயணைப்புப் படை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் தொலைவில் கேர்ட்டன் என்றொரு சிறு கிராமம் உண்டு. அங்கு அக்காலத்தில் பெண்களுக்கென இருந்த கல்லூரியில் 1878 தொடக்கம் 1932 வரை ஒரு தொண்டர் தீயணைப்புப் படை இயங்கி வந்தது. விடுதியில் தங்கிப் படித்த மாணவியரே அதன் படையினர்.

எமிலி டேவிஸ், பார்பரா போடிச்சன் ஆகிய பெண்மணிகள் முன்னின்று 1869 இல் ஹிட்சின் என்ற ஊரில் 5 மாணவியருடன் ஆரம்பித்த கல்லூரி இது. 1873 இல் கேர்ட்டனுக்கு இடம்மாறியது. ஆண்கள் கல்லூரிகள் நிறைந்த நகரின் நடுவே பெண்பிள்ளைகளைக் குடியமர்த்தினால் ஊர் என்ன பேசும் என்ற தயக்கத்தினாலேயே இவ்வளவு தூரம் தள்ளிக் கட்டினார்கள். பெற்றோரின் மனநிம்மதிக்காகச் செய்த அந்த ஏற்பாட்டினாலேயே, தீப்பற்றினால் உதவி வந்து சேரத் தாமதமாகும் என்ற நிலையும் உண்டானது. குதிரை வண்டிகளின் காலம் அது. நகரிலிருந்து நீர்ப்பம்பி வந்து சேர்வதற்குள் கட்டடத்தில் ஒரு பகுதியே போய்விடலாம்.

தீப்பற்றுவதற்கான காரணங்களோ ஏராளம். மாணவியரின் அறைகளில் குளிர்காய நிலக்கரி அடுப்பு எரியும். இரவில் படிக்க விளக்கு வேண்டும். உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிட வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது நாமெல்லாம் அறிந்ததே. அந்தக் குளிர்நாட்டில் அதைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. போதாக்குறைக்குத் தரையைத் தொடும் பாவாடைகள். அமெரிக்கக் கவிஞர் லோங்ஃபெலோவின் மனைவி 1861 இல் உடையில் தீப்பற்றியே உயிரிழந்தார்.

அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்கலாம். லண்டனுக்கு 1866 இல் பொதுத் தீயணைப்புப் படை கிடைத்தது. ஏனைய ஊர்கள் பலவற்றில் காப்புறுதிக் கம்பனிகளும் தொண்டர்களும் கைகொடுத்தனர். தீயணைப்பு வசதி செய்வது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை எனப் பிரித்தானியச் சட்டம் சொன்னது 1938 இல்தான்.

கேர்ட்டன் படையை ஆரம்பித்தவர் சாரா மார்க்ஸ் என்ற கணித மாணவி. பிற்காலத்தில் ஹேர்த்தா எயர்ட்டன் எனப் புகழ்பெற்றவர். போலந்திலிருந்து குடியேறிய யூதக் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மகள். 7 வயதளவில் தந்தையை இழந்தார். பதின்ம வயதிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து உழைத்தவர், பார்பரா போடிச்சனின் உதவியோடு 1876 இல் கேர்ட்டனுக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்து வாளி வரிசை எப்படி வேலை செய்தது? நீர் இருக்கும் இடத்திலிருந்து தீ எரியும் இடம்வரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். நிறைந்த வாளி ஒரு வரிசையில் கைமாறிப் போகும். வெறும் வாளி மறு வரிசையில் திரும்பி வரும். யாரும் இடம்விட்டு ஓடுவதில்லை. ஓடினால் நீர் சிந்தும், ஒருவரோடொருவர் மோதுவார்கள். நிறைந்த வாளியொன்று 9 அல்லது 10 கிலோகிராம் இருக்கும். அதை நூறு தடவை வாங்கிக் கொடுப்பது விளையாட்டல்ல. கைப்பம்பி இருந்தால் ஒருவர் பம்பியை அடிக்க, மற்றொருவர் குழாயைப் பிடித்து நெருப்பின் அடியை நோக்கிப் பீச்ச, மூன்றாமவர் வாளியில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வார். இதில் தனியொருவரின் வீரத்தால் ஆவது கொஞ்சமே. இருட்டிலும் புகையிலும் யார் எங்கே நிற்பது என்பது முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். நமது ஆய்வுகூட வாசலில் தொங்கும் சிவப்பு வாளியை எங்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது இறக்கிப் பார்த்திருக்கிறோம்?

1874 இல் ஹென்றி மோட்ஸ்லி என்ற பெயர்பெற்ற மருத்துவர், உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று எழுதினார். எலிசபெத் கரெட் அண்டர்சன் என்ற பெண் மருத்துவர் அதற்கு எழுத்திலேயே மறுப்புக் கொடுத்தார். நான்கு ஆண்டுகளுள் கேர்ட்டன் மாணவியர் தீயணைப்புப் படையே அமைத்துவிட்டார்கள். இது மருத்துவருக்குப் பதிலாகச் செய்த காரியமல்ல, தாம் வாழும் வீட்டைக் காக்கச் செய்ததே. என்றாலும் பதிலாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சாரா 1880 இல் கணித இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்தார். பெண் என்பதால் கேம்பிரிட்ஜ் அவருக்குச் சான்றிதழ் மட்டுமே கொடுத்தது, பட்டம் கொடுக்கவில்லை. பின்னர் மின்வில் விளக்குகள் பற்றி ஆராய்ந்து 1906 இல் றோயல் சங்கத்தின் ஹியூஸ் பதக்கத்தைப் பெற்றார். முதலாம் உலகப் போரில், பதுங்குகுழிகளில் தேங்கும் நச்சுவாயுவைக் கையால் விசிறி வெளியேற்றும் ஒரு கருவியையும் உருவாக்கினார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட விசிறிகள் படையினருக்கு வழங்கப்பட்டன. 1923 இல் அவர் காலமானபோது கேர்ட்டனின் தீயணைப்புப் படை இன்னமும் இயங்கிக்கொண்டிருந்தது. அது 1932 இல் முடிவுக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948 இல்.