அப்பாவுக்குச் சொந்த ஊர், பிள்ளைக்கு அந்நிய ஊர்!

பெங்களூரில் இருபது, இருபத்தைந்து வருஷம் குடியிருந்த தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழ்நாட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் பெரியவர்களுக்குச் சந்தோஷம். வயதான தாய் தந்தையர் பக்கத்தில் இருக்கலாம். கல்யாணம், காரியம் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேற வேண்டியதில்லை. வீட்டில் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் முகத்தில் மட்டும் சுரத்து இருக்காது.

என்ன என்று கேட்டால், "அங்கே வெயில் தாங்காது" என்பார்கள். பெற்றோரும் அதையே நம்பி, ஏ.சி. வாங்கிப் போடுகிறேன், குளிர்ந்த தண்ணீர் எந்நேரமும் இருக்கும் என்று சமாதானம் சொல்வார்கள். பிள்ளைகள் சமாதானம் ஆவதில்லை.

வெயில் பொய்யல்ல. ஆனால் சொல்லத் தெரியாத பல பயங்களைப் பிள்ளைகள் வெயிலின் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்பதே உண்மை.

ஸ்ரீராமபுரத்திலோ அல்சூரிலோ உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் வேலூர்ப் பக்கம். வாலிப வயதில் வேலை தேடி வந்தவர். தாயார் திருவண்ணாமலை. மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். பையன் ஐந்தாம் வகுப்பு. இந்த மாற்றல் தகப்பனாருக்கு ஊர் திரும்புவது. ஆனால் பிள்ளைகள் இரண்டும் பிறந்தது பெங்களூர் ஆஸ்பத்திரியில். கரகத்துக்குக் கண் விழித்ததும், சித்திரைப் பௌர்ணமியில் அல்சூர் பூப்பல்லக்குப் பார்த்ததும், கார்த்திகையில் பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷையில் கைநிறையக் கடலை வாங்கித் தின்றதும்தான் அவர்களுக்கு ஊர். வேலூர் என்பது தாத்தா வீடு. வருஷத்தில் பத்து நாள் போய் வருகிற இடம். திரும்பி வர டிக்கெட் கையில் இருக்கிற வரையில் தாத்தா வீடு இனிக்கத்தான் செய்யும்.

"நம் ஊருக்குத்தானே போகிறோம், எதற்கு அழுகை?" என்று அதட்டும் பெற்றோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். பெரியவர்கள் ஊருக்குப் போகிறார்கள். பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறார்கள். ஒரே வண்டியில்தான் இரண்டும் நடக்கிறது!

3,000 அடி இறக்கம்

பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டரில், அதாவது 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. பங்காருப்பேட்டை, குப்பம் வரை காற்றில் பெரிய மாற்றம் தெரியாது. மல்லானூர், பச்சூர், சோமநாயக்கன்பட்டி என்று வண்டி சரிவில் இறங்கி ஜோலார்பேட்டையைத் தொடும்போது சுமார் 400 மீட்டருக்கு வந்துவிடுகிறது. சாதாரண வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு எந்தப் பலகையையும் படிக்காமலே தமிழ்நாடு வந்துவிட்டது தெரிந்துவிடும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி கூடும் என்பது பொதுவான கணக்கு.

சென்னையில் 2003-ம் வருஷம் மே 31-ந் தேதி 45 டிகிரி பதிவாயிற்று. பெங்களூரில் பதிவான உச்சம், 2016 ஏப்ரலில் 39.2. (அந்த 39.2-க்கே பெங்களூர்க்காரர்கள் ஊர் கெட்டுவிட்டது என்று புலம்பினார்கள்!) வேலூரை "வெயிலூர்" என்று கேலி செய்வது அந்த ஊர்க்காரர்களே தொடங்கியது. மே மாதத்தில் அங்கே 40-ஐத் தாண்டுவது வழக்கம்.

பிள்ளைகளை உண்மையில் வாட்டுவது பகல் அல்ல, இரவு. பெங்களூரில் மே மாதத்தில்கூட இரவு 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும். சென்னையில் 27, 28-க்குக் கீழே வருவது அபூர்வம். வேலூரும் அதற்கு அதிகம் சளைத்ததல்ல. கம்பளி போர்த்திப் படுத்த பிள்ளை, விசிறிக்கு நேரே பாய் விரித்தும் புரண்டு புரண்டு படுக்கிறது. தூக்கம் கெட்ட பிள்ளைக்கு மறுநாள் எதைக் கண்டாலும் எரிச்சல். முதுகில் வேர்க்குரு வேறு.

புதிய வெப்பத்துக்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும் என்பது மருத்துவர்கள் சொல்வது. அந்த இரண்டு வாரமும் நடுப்பகலில் வெளியே விடாமல், மோரும் இளநீரும் நுங்கும் கொடுத்து, பருத்திச் சட்டை போட்டுவிட்டால் போதும். பிறகு உடம்பு தானே வழிக்கு வரும். பருத்தி உடுப்பு இன்னும் எத்தனை வீட்டில் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இதில் ஒரு வேடிக்கை. பள்ளிக்கூடம் மூடினால்தான் குடும்பத்தைக் கிளப்ப முடியும் என்பதால், எல்லோரும் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான் மூட்டை கட்டுகிறார்கள். மே முதல் வாரத்தில் கத்திரி பிறந்து மாதக் கடைசி வரை நீடிக்கிறது. ஆக, புது ஊரின் ஆகக் கொடுமையான முகத்தைத்தான் பிள்ளை முதலில் பார்க்கிறது. அதே வாரத்தில் பெங்களூரிலிருந்து சிநேகிதி போன் செய்து, "இங்கே நேற்று ஆலங்கட்டி மழை" என்பாள். வேறு வினையே வேண்டாம்! பள்ளி திறந்தால் கவனம் திரும்பும் என்று பார்த்தால், அதுவும் தள்ளிப் போகிறது. 2023-ல் வெயில் காரணமாகத் தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12-ந் தேதியும், சிறுவர்களுக்கு 14-ந் தேதியும்தான் பள்ளி திறந்தார்கள். 2024-ல் ஜூன் 10.

மாற்றல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள், மார்கழி, தை மாதத்தில் ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டிப் போய், சேரப்போகும் தெருவையும் பள்ளியையும் காட்டிவிட்டு வருவது உத்தமம். வேலூர்க் கோட்டை அகழியோரம் தை மாத மாலையில் நடந்த பிள்ளை, மே மாதத்தில் அந்த ஊரை முழுசாக வெறுக்காது.

தமிழ் பேசத் தெரியும், ஆனால்...

இனிதான் முக்கியமான கட்டம். பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்; சினிமாவும் தமிழ்தான். பள்ளியிலோ ஆங்கிலம், கன்னடம், மூன்றாவதாக இந்தி. நகரில் ஒரு காலத்தில் நன்றாக நடந்த தமிழ்வழிப் பள்ளிகள் தேய்ந்துவிட்டன. விளைவு, தமிழ் சரளமாக வாயில் வரும், கையில் வராது. பேருந்துப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டப்படி, அந்த வருஷம் முதல் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம் ஆகிவிட்டது. நம் உதாரணக் குடும்பத்துப் பெண் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தால், இரண்டாம் வருஷமே பொதுத்தேர்வில் தமிழ்த்தாள் எழுத வேண்டும். கன்னடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய பெண்ணாகவே இருக்கலாம். இங்கே அவள் அகர வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். இத்தனை வருஷம் படித்த கன்னடத்துக்குப் புதுப் பள்ளியில் இடமே இல்லை. வகுப்பில் முதல் வரிசையில் இருந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய இறக்கம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். 3,000 அடி இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

வெளிமாநிலத்திலிருந்து வந்து சேர்ந்த மாணவருக்குத் தமிழ்த்தாளிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதைத் தேர்வு நெருங்கும்போது கேட்டு ஓடாமல், பள்ளியில் சேர்க்கும்போதே தலைமை ஆசிரியரிடம் பேசி, எழுத்து மூலம் கொடுத்துவிட வேண்டும். மத்திய பாடத்திட்டப் பள்ளியில் சேர்ப்பவர்களும் அந்தப் பள்ளியில் என்ன மொழிகள் உண்டு என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ஆனாலும் தமிழ்ப் பெற்றோர் தமிழ்நாட்டில் போய், "எங்கள் பிள்ளைக்குத் தமிழ் வேண்டாம்" என்று கையெழுத்துப் போடுவது எத்தனை சங்கடம்! சிலர் அந்தக் கூச்சத்திலேயே விண்ணப்பம் போடாமல் விட்டுவிடுகிறார்கள். தேர்வு முடிவு வரும்போது கூச்சப்படுவது பிள்ளையாக இருக்கும்.

சிறிய பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. கன்னட எழுத்துத் தெரிந்த பிள்ளைக்கு உயிரும் மெய்யும் சேர்ந்து எழுத்தாகும் முறை ஏற்கெனவே தெரியும். கொம்பு, கால், சுழி எல்லாம் வேறு உருவம், அவ்வளவுதான். தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. கன்னடத்தில் க, க்ஹ, க, க்ஹ என்று நான்கு எழுத்து இருக்கிற இடத்தில் தமிழில் ஒரே 'க'. "காகம்" என்று எழுதிவிட்டு, இரண்டு 'க'வும் ஒரே மாதிரி ஒலிக்கவில்லையே, ஏன் ஒரே எழுத்து என்று பையன் கேட்பான். நியாயமான கேள்வி. இரண்டாவது, இன்றைய கன்னடத்தில் இல்லாத ழகரமும் றகரமும். தினம் அரைமணி நேரம் தாயோ பாட்டியோ உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் கோடை விடுமுறைக்குள் ஐந்தாம் வகுப்புப் பையன் இந்தச் செய்தித்தாளின் தலைப்பையாவது படித்துவிடுவான். மாற்றல் உத்தரவு வந்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குடும்பத்தைப் பிரிப்பதா?

பெரிய வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீட்டில் தகப்பனார் மட்டும் போய் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் பிருந்தாவனிலோ லால்பாக்கிலோ வந்து போவது பெருவழக்காகிவிட்டது. 1964-ல் ஓடத் தொடங்கிய பிருந்தாவனில் இப்படி எத்தனை தகப்பன்மார் பயணம் செய்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. இரண்டு ஜாகைக்கு வாடகை, இரண்டு அடுப்பு, ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் தூங்கி எழுந்தால் திரும்பிப் போக நேரம்.

பிள்ளை பத்தாம் வகுப்புக்குள் நுழைகிறது என்றால் அந்த ஒரு வருஷம் பிரிந்திருப்பதில் அர்த்தம் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி.யைக் கர்நாடகத்திலேயே முடித்துவிட்டு, மேல்நிலை முதலாம் ஆண்டில் வந்து சேரலாம். அங்கே கட்டாயத் தமிழ் கிடையாது. பள்ளியில் உள்ள வேறு மொழியை எடுத்துக்கொள்ளலாம். மற்ற வகுப்புகளுக்காகக் குடும்பத்தைப் பிரித்து வைப்பது வீண் செலவு. ஒன்று நினைவில் இருக்கட்டும்: எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் கலந்தாய்வில் பிறப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. இடையில் வந்தவர்கள் அதைத் தனியாக வாங்க வேண்டும். தகப்பனாரின் பழைய பள்ளிச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் எந்தப் பெட்டியில் கிடக்கின்றன என்று இப்போதே தேடி வைக்கலாம். டி.சி.யில் வட்டாரக் கல்வி அதிகாரியின் மேலொப்பம் பெரும்பாலும் கேட்பார்கள். ஜூன் மாதத்தில் அதற்காகத் திரும்ப வருவது அலைச்சல்.

சைக்கிளும் நாய்க்குட்டியும்

சாமான் கட்டும்போது நடக்கும் ஒரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் லாரியில் ஏறும். பையனின் பழைய சைக்கிள், "அங்கே புதுசு வாங்கிக்கலாம்" என்று பக்கத்து வீட்டுக்குப் போகும். லாரியில் இடமில்லாவிட்டால் சைக்கிளை ரயிலில் பார்சலாக அனுப்பலாம், பெரிய செலவல்ல. ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளையும் அனுப்பலாம். டாங்கில் சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் இறக்கி, சாக்குச் சுற்றி, ஆர்.சி. புத்தக நகலும் அடையாள அட்டை நகலும் கொண்டு போக வேண்டும். கையோடு கொண்டு போகும் சாமானுக்கு இரண்டாம் வகுப்பில் ஆளுக்கு 35 கிலோ, தூங்கும் வசதிப் பெட்டியில் 40 கிலோ வரை கட்டணமில்லை. நாய்க்குட்டிக்கும் ரயிலில் வழி உண்டு. பார்சல் அலுவலகத்தில் முன்னதாக விசாரித்துக்கொண்டால் அதை யாருக்கும் தானம் கொடுக்க வேண்டியதில்லை. புது ஊரில் முதல் நாள் தெருவில் இறங்க, பழக்கமான சைக்கிள் ஒன்று இருப்பது பையனுக்குப் பெரிய பலம்.

இன்னொன்று. பிள்ளைகளிடம் செய்தியைக் கடைசி வாரம் வரை மறைத்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பரீட்சை சமயத்தில் மனசு கெடும் என்பது காரணம். ஆனால் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்டே பிள்ளைகள் பாதி தெரிந்துகொண்டு, மீதியைக் கற்பனை செய்து பயந்துகொண்டிருப்பார்கள். பரீட்சை முடிந்த அன்றே உட்கார வைத்துச் சொல்லி, சிநேகிதர்களை ஒருநாள் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு, விலாசமும் போன் எண்ணும் வாங்கி வைக்கச் சொன்னால் அழுகை அங்கேயே கொஞ்சம் தீரும்.

அடுத்து எப்போது பெங்களூர் என்ற கேள்வியும் அன்றைக்கே வரும். "பார்க்கலாம்" என்ற பதிலைப் பிள்ளைகள் நம்புவதில்லை. காலாண்டுத் தேர்வு விடுமுறையும் தசராவும் அநேகமாகக் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வரும். ஆயுதபூஜை நெருக்கத்தில் பெங்களூர் வண்டிகளில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாள் என்று குறைக்கப்பட்டுவிட்டதால், எந்த நாளில் எழுந்து டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதைக் காலண்டரில் இப்போதே வட்டம் போட்டு வைக்கலாம். வட்டத்தைப் பிள்ளைகள் கையாலேயே போடச் சொல்லலாம்.