எல்லைக் கோட்டுக்கு வெளியே

சிறுவர் உதைபந்தாட்டத்தில் ஒழுங்கீனம் தலைகாட்டும்போதெல்லாம் பழி சிறுவர்மேலேயே விழுகின்றது. அதன் வித்து, கோட்டுக்கு வெளியே நின்று கூச்சலிடும் பெரியோரிடம் இருத்தல் கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் 14 வயது நிரம்பியோரும் பயிற்சி பெற்று, சிறுவர் கழகப் போட்டிகளுக்கு மத்தியஸ்தராகலாம். பெற்றோரின் வசைமொழி பொறாது அப்பணியைத் துறந்த இளைஞர் பலர். மத்தியஸ்தர் இன்றேல் ஆட்டம் ஏது? ஆகவே, 2008ஆம் ஆண்டில் அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் ‘மதிப்பு’ என்னும் இயக்கத்தைத் தொடங்கிற்று. பெற்றோர் மைதான ஓரத்தில் தமக்கென வகுத்த தடைக்கு அப்பால் நிற்றல் வேண்டும். தீர்ப்பைக் குறித்து மத்தியஸ்தரிடம் அணித்தலைவன் மட்டுமே பேசலாம். இவை அவ்வியக்கத்தின் விதிகளுட் சில.

விதிகள் நாவை அடக்கும். நெஞ்சைப் பண்படுத்துவது பெரியோரின் நடத்தையே. 2012ஆம் ஆண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், லாற்சியோ அணிக்காக ஆடிய ஜெர்மானிய வீரர் மிரோஸ்லாவ் குளோசேயின் கையிற் பட்டுப் பந்து வலைக்குட் புகுந்தது. மத்தியஸ்தர் கோல் என அறிவித்தார். குளோசேயோ உண்மையைத் தாமே உரைத்தார். கோல் நீக்கப்பட்டது, அவரது அணி 3—0 எனத் தோற்றது. ஆயினும், எதிரணியினர் அவர் கையைப் பற்றிக் குலுக்கினர்.

அத்தகைய மைந்தரை நாம் விரும்பின், மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், “வென்றாயா?” என்று வினவுமுன், “நேர்மையாக ஆடினாயா?” என்று வினவுவோமாக.