வேலூருக்குப் போகும் வழியில்

திருவண்ணாமலையிலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குச் செல்லும் சாலையின் நீளம் 80 கிலோமீட்டருக்குச் சற்றே மேற்பட்டது. 1989-ஆம் ஆண்டில் வட ஆற்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, அருணாசலேசுவரர் கோயில் கொண்ட இந்த ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரான பிறகும், ஊராருக்கும் அந்தச் சாலைக்கும் உள்ள பந்தம் அறுந்துபோகவில்லை. திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எழுந்துவிட்ட இந்த நாளிலும், வீட்டில் ஒருவருக்கு இன்னதென்று விளங்காத வியாதி கண்டால், பெரியவர்களின் வாயில் முதலில் வருவது "வேலூருக்குக் கொண்டு போங்கள்" என்ற வார்த்தைதான். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கி, பின்னர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த அந்த ஸ்தாபனத்தின்மீது இவ்வட்டார மக்கள் வைத்திருக்கும் விசுவாசம் நியாயமானதே. ஆயினும், அந்தச் சாலையின் தூரத்தைப் பொறுத்துக்கொள்ளாத வியாதி ஒன்று உண்டு. அதுதான் குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு.

நீரிழிவு என்றதும் நம் மனக்கண்முன் நிற்பவர் ஐம்பது வயதைத் தாண்டிய, சற்றே பருத்த சரீரமுடைய ஒரு பெரியவர். பள்ளிக்கூடத்துப் பையை முதுகில் சுமந்துகொண்டு ஓடும் எட்டு வயதுச் சிறுமிக்கு அந்த வியாதி வரும் என்று யாரும் எண்ணுவதில்லை. இன்சுலினைச் சுரப்பவை கணையத்தினுள் தீவுகளைப் போல் சிதறிக் கிடக்கும் சிறு உயிரணுத் திட்டுகள்; 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் தம் மாணவப் பருவத்திலேயே அவற்றைக் கண்டு எழுதினார். நோய்க்கிருமிகளை எதிர்த்துச் சரீரத்தைக் காக்க வேண்டிய சேனையே, தன்னவர் யார், அந்நியர் யார் என்ற விவேகம் இழந்து அந்த உயிரணுக்களைத் தாக்கி அழித்துவிடுவதால் விளைவதே முதல் வகை நீரிழிவு. தாய் மிட்டாய் கொடுத்ததால் வந்ததல்ல அது. பாட்டி பாயசம் ஊட்டியதால் வந்ததும் அல்ல. "நான்தானே கெடுத்தேன்" என்று தாய்மார்கள் அழுகிற அழுகைக்கு விஞ்ஞானத்தில் எவ்வித ஆதாரமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்சுலின் இல்லாத சரீரத்தில், இரத்தத்தில் சர்க்கரை பெருகிக் கிடந்தும் உயிரணுக்கள் பட்டினி கிடக்கின்றன. பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்கிறது. ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது. படுக்கையை நனைக்கும் வழக்கம் நின்று வருஷக்கணக்கான பிள்ளை மறுபடியும் நனைக்கத் தொடங்குகிறது. நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது. பட்டினி கிடக்கும் சரீரம் தன் கொழுப்பையே எரிக்கத் தலைப்பட, அதன் விளைவாகக் கீட்டோன் என்ற அமிலப் பொருள்கள் இரத்தத்தில் சேர்கின்றன. அப்போது வயிறு வலிக்கிறது, வாந்தி வருகிறது, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கிறது, அந்த மூச்சில் பழவாடை ஒன்று வீசுகிறது. வயிற்று வலியைக் குடல்வால் அழற்சி என்றும், வாந்தியை உணவு ஒவ்வாமை என்றும், மூச்சிரைப்பை நெஞ்சுச் சளி என்றும் பிரித்துப் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. திருஷ்டி என்று சுற்றிப் போடுபவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் கொடுமையானது, பிள்ளை துவண்டு கிடக்கிறதே என்ற பரிதாபத்தால் பெற்றோரே கேட்டு வாங்கி ஏற்றச் செய்யும் ஒரு பாட்டில் குளுக்கோஸ். ஏற்கெனவே சர்க்கரையில் மூழ்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, இன்சுலின் இல்லாமல் மேலும் சர்க்கரையை இரத்தக்குழாயின் வழியே செலுத்துவது எத்தகைய காரியம்! விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால், சில வினாடிகளில் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

இன்சுலின் என்ற அமிர்தத்தை உலகில் முதன்முதலாகப் பெற்றதும் ஒரு பாலகன்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1922 ஜனவரி 11 அன்று, டொராண்டோ நகரப் பொது மருத்துவமனையில், எலும்பும் தோலுமாய்க் கிடந்த 14 வயது லெனார்டு தாம்சனுக்கு, பான்டிங், பெஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் கணையத்திலிருந்து தயாரித்த சாறு செலுத்தப்பட்டது. அது தூய்மை போதாமல் பலன் தராதுபோகவே, காலிப் என்ற ரசாயன நிபுணர் இரவு பகலாக உழைத்து அதைச் சுத்திகரித்து, 12 நாள் கழித்து ஜனவரி 23 அன்று மறுபடி செலுத்தியபோது பையன் தேறினான். அதன் உரிமையை அவர்கள் டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பான்டிங் பிறந்த நவம்பர் 14 உலக நீரிழிவு தினமாயிற்று. நம் நாட்டில் அதுவே குழந்தைகள் தினமாகவும் இருக்கிறது. தற்செயலாய் அமைந்த இந்தப் பொருத்தத்தை நம் பள்ளிகள் ஏன் பயன்படுத்திக்கொள்வதில்லை என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

மருந்து கிடைத்து நூறாண்டுகள் கடந்தபின்னும் பிள்ளைகளை நாம் இழக்கிறோம் என்றால், குறை பெரும்பாலும் மருந்தில் இல்லை. பிள்ளையை முதலில் பார்க்கும் கண்ணுக்குப் பயிற்சி இல்லாததில் இருக்கிறது. அமிலம் ஏறிய நிலையில் வரும் குழந்தைக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை, பெரியவர்களுக்குச் செய்வதன் சிறிய அளவு அல்ல. அவசரப்பட்டு இன்சுலினை ஒரே மூச்சில் செலுத்தலாகாது. முதலில் உப்புநீரை அளவாக ஏற்றி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றபின், எடைக்கு ஏற்ற நுண்ணிய அளவில் இன்சுலினைச் சொட்டுச் சொட்டாகத் தொடங்க வேண்டும். பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் மூளை வீங்கிவிடக்கூடும் என்ற அபாயத்தை மணிதோறும் நினைவில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். சரீரம் வறண்டு கிடக்கும் பிள்ளையின் அருகில் நின்றுகொண்டு இவ்வளவு நிதானம் காட்டுவது புத்தகத்தைப் படித்த மாத்திரத்தில் வருவதல்ல. 1974-இல் ஓர் ஆய்வுக் குழுவாகத் தொடங்கி, 1993-இல் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான சர்வதேச நீரிழிவுச் சங்கம் என்ற பெயரைப் பெற்ற அமைப்பு, இத்தகைய நெறிமுறைகளை வகுத்துத் திருத்தி வருவதோடு, இளம் மருத்துவர்களையும் செவிலியரையும் கூட்டி ஆராய்ச்சிப் பள்ளிகளும் நடத்துகிறது. நம் நாட்டுக் குழந்தை நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தார், நீரிழிவுக் கல்வியாளர்களை உருவாக்கச் சில ஆண்டுகளாக இணையவழியில் பத்து வாரப் பயிற்சி அளித்து வருகிறார்கள். வேலூர்க் கல்லூரியும் சிற்றூர் மருத்துவர்களுக்குத் தொலைநிலையில் நீரிழிவுச் சிகிச்சை கற்பிக்கிறது.

கல்வியாளர் என்ற இந்தப் பதவியை அற்பமாக எண்ணுபவர்களுக்கு ஒரு சிறு உதாரணம் காட்டுகிறேன். நம் மருந்துக் கடைகளில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்டது ஒன்று, 100 அலகு கொண்டது மற்றொன்று. முன்னதற்கு உரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு; பின்னதற்கு ஆரஞ்சு. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் தவறி எடுத்துவிட்டால், பிள்ளைக்குப் போவது இரண்டரை மடங்கு இன்சுலின்! எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் கையில் மருந்தை ஒப்படைக்கும்போது, இந்த நிறபேதத்தை அவள் மனத்தில் பதியவைப்பவர் யார்? ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால், குளிர்சாதனப் பெட்டி இல்லாத குடிசையில், மருந்துக் குப்பியைத் தண்ணீர் புகாத உறையிலிட்டு ஈர மண்பானைக்குள் வைத்துக் காக்கலாம் என்று சொல்லிக் கொடுப்பவர் யார்? நல்லெண்ணத்தால் அதை உறைபனிப் பெட்டியில் வைத்துவிடாதே, உறைந்த மருந்து செத்த மருந்து என்று எச்சரிப்பவர் யார்? வெப்பம் மிகுந்த கென்யாவின் அகதி முகாம் நிலைமையை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிப் பார்த்த விஞ்ஞானிகள், 25 முதல் 37 பாகை வரை ஏறி இறங்கும் வெப்பநிலையிலும் இன்சுலின் நான்கு வாரம் வரை வீரியம் குன்றாமல் இருப்பதை 2021-இல் வெளியிட்டார்கள். அத்தகைய ஆராய்ச்சி, மலைக்கிராமத்துத் தாயின் காதுக்கு எட்டும்போதுதான் பூரணமாகிறது.

பாலியம் கடந்து யௌவனம் தொடங்கும் பருவமோ இன்னும் சிரமமானது. அப்போது சுரக்கும் வளர்ச்சி இயக்குநீர்கள் இன்சுலினை எதிர்த்து நிற்பதால் மருந்தின் தேவை ஏறுகிறது. மனமோ மருந்தை வெறுக்கிறது. பெண்பிள்ளையின் பெற்றோர், நாளைக்குக் கலியாணம் பேசும்போது தடையாகுமே என்ற அச்சத்தால் ஊசியை ஊராரிடம் மறைக்க, பிள்ளையும் மறைக்கக் கற்றுக்கொள்கிறது. 1983 முதல் 1993 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்த புகழ்பெற்ற ஆய்வில் 13 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் 195 பேர் இருந்தார்கள். சர்க்கரையை இறுகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் காக்கப்படும் என்பது அவர்களிடமும் நிரூபணமாயிற்று. ஆனால் பெரியவர்கள் எட்டிய கட்டுப்பாட்டை அவர்களால் எட்ட முடியவில்லை என்பதும் தெரிந்தது.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் செல்ல ஒரு பதினைந்து வயதுப் பையன் ஆசைப்படுகிறான். வேண்டாம் என்று தடுப்பது எளிது; ஆனால் அது சிகிச்சை ஆகாது. நடை சர்க்கரையை இறக்கும். நடந்து முடித்து வீடு திரும்பி அயர்ந்து உறங்கும் வேளையிலும் இறக்கும். ஆகையால் புறப்படுமுன் பரிசோதித்து, இன்சுலினை மருத்துவர் சொற்படி குறைத்து, சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ வைத்துக்கொண்டு, வழியில் ஓரிரு முறை பார்த்து, படுக்குமுன் ஏதாவது உண்டு, விடியற்காலையில் மறுபடி பார்க்க வேண்டும். கை நடுங்கி வியர்த்துக் கண் இருண்டால் என்ன செய்வது என்று உடன் செல்பவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொண்ட பையன் மலையை வலம் வரலாம். அவனைத் தடுக்க ஒரு நியாயமும் இல்லை.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். பிறவியோடு வருவது, அபத்தியத்தால் வருவது என்று சுஸ்ருதரே இந்த வியாதியை இரண்டாகப் பகுத்து, முன்னது மெலிந்தவரையும் பின்னது பருத்தவரையும் பற்றும் என்று குறித்திருக்கிறார். 1954-இல் எம். விசுவநாதன் சென்னை இராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே மருத்துவமனை நிறுவிய காலந்தொட்டுத் தமிழகம் இத்துறையில் முன்னணியில் நிற்கிறது. 1990-களின் முற்பகுதியில் சென்னையில் எடுக்கப்பட்ட பதிவேடு, ஆண்டுதோறும் லட்சம் குழந்தைகளில் 10.5 பேருக்கு முதல் வகை புதிதாக வருவதைக் காட்டிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 25 வயதுக்குள் நீரிழிவு கண்டவர்களுக்கென 2006-இல் தனிப் பதிவேடு தொடங்கியது. நம் நாட்டில் 20 வயதுக்கு உட்பட்டவர்களில் முதல் வகை உடையவர் ஏறத்தாழ 2,29,000 பேர் என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2021-இல் மதிப்பிட்டது. பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு காணும் சிசுக்களுக்கு மரபணுப் பரிசோதனை அவசியம் என்பதும் இப்போது நிலைபெற்றுவிட்டது. அவர்களில் ஒரு சாரார், ஊசியை விட்டு மாத்திரையாலேயே வாழலாம் என்பதைச் சென்னை மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நம் குழந்தைகளிடமே கண்டு காட்டியிருக்கிறது.

இவை யாவற்றிலும் என் நெஞ்சைத் தொட்டது வேலூரில் நடந்த ஆராய்ச்சிதான். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போஷாக்கின்றி வளர்ந்து, இளவயதில் மெலிந்த சரீரத்துடன் நீரிழிவுக்கு ஆளாகும் ஏழைகளை, 1955-இலேயே ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர் கவனித்தார். உலக சுகாதார நிறுவனம் 1985-இல் அதைத் தனி வகையாக ஏற்றது. போதிய சான்று இல்லை என்று 1999-இல் பட்டியலிலிருந்து நீக்கியது. ஏழையின் வியாதிக்குப் பெயர்கூட இல்லாமல் போயிற்று. வேலூரைச் சேர்ந்த நிகால் தாமஸ், நியூயார்க்கைச் சேர்ந்த மெரிடித் ஹாக்கின்ஸ் ஆகியோரின் குழு, தென்னிந்திய ஆண்களைக் கொண்டு நுட்பமாக நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. இந்த மெலிந்த நோயாளிகளிடம் இன்சுலின் சுரப்பு மிகவும் குறைந்திருக்கிறது, ஆனால் இருக்கும் இன்சுலினுக்கு அவர்கள் சரீரம் நன்றாகவே பணிகிறது என்று அது காட்டியது. ஆகவே இவர்களை முதல் வகை என்று கருதி இன்சுலினை மிகுதியாகக் கொடுத்தால், சர்க்கரை திடீரென்று தாழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். உண்ண உணவு நிச்சயமில்லாத வீட்டில் அந்த ஆபத்து இரட்டிப்பாகும். 2025 ஜனவரியில் வேலூரில் கூடிய நிபுணர்கள் இதற்கு ஐந்தாம் வகை என்று பெயரிட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் அதை அங்கீகரித்தது. இதில் அபிப்பிராய பேதம் உள்ள அறிஞர்களும் உண்டு. ஆனால் மெலிந்த இளைஞன் ஒருவன் வந்து நிற்கும்போது, இவன் எந்த வகை என்று ஒரு கணம் நின்று யோசிக்கும்படி மருத்துவரைப் பழக்கியதே பெரிய உபகாரம் என்பது என் துணிபு.

அந்த அறிவு, நோயாளி போன அதே சாலையில் திரும்பி வந்து, கண்ணமங்கலத்திலும் போளூரிலும் செங்கத்திலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குள் நுழைய வேண்டும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை என்பதற்கு இத்தாலி நாட்டுப் பார்மா மாகாணம் சான்று. 1991-இல் அங்கே வனெல்லி என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும், தாகம், அடிக்கடி சிறுநீர், மறுபடி படுக்கை நனைத்தல் ஆகிய அறிகுறிகளைச் சொல்லும் சுவரொட்டி ஒன்றைப் பள்ளிகளில் ஒட்டி, குழந்தை மருத்துவர்களுக்குப் பயிற்சியும் பரிசோதனைக் கருவியும் அளித்தார்கள். அதற்கு முன் புதிதாக நீரிழிவு கண்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேர் அமிலம் ஏறிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தார்கள். பின்வந்த ஆண்டுகளில் அது 12.5 ஆகக் குறைந்தது.

திருவண்ணாமலையின் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும், லட்சக்கணக்கானவர் கால்நடையாய்ச் சுற்றிவரும் கிரிவலப் பாதையில் அஷ்ட லிங்க சந்நிதிகளின் அருகிலும் அத்தகைய சுவரொட்டி ஒன்று தமிழில் இருக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தாரையும் ஆசிரியர்களையும் வேண்டிக்கொள்கிறேன். அது வரும்வரை, இதைப் படிக்கும் தாய் தந்தையரிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, மெலிந்துகொண்டு வந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று இராமல், அன்றைக்கே அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.